ஹியூமனாய்டா, ஆந்த்ரோவா? ஓவியங்களுக்குக் குறிச்சொல் இடுவோருக்கு ஒரு வழிகாட்டி

பூனைக் காதும் வாலும் கொண்ட ஒரு பெண்ணின் ஓவியமும், சட்டை அணிந்து இரண்டு கால்களில் நிற்கும் ஒரு பூனையின் ஓவியமும் இணையப் படத்தொகுப்பு ஒன்றில் அடுத்தடுத்து வந்து சேர்ந்தால், இரண்டுக்கும் ஒரே குறிச்சொல்லை இட்டுவிட்டு நகர்ந்துவிடுவோர் பலர். இரண்டிலும் மனிதச் சாயலும் பூனைச் சாயலும் கலந்துதானே இருக்கின்றன என்று அவர்கள் கேட்பதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆயினும் தேடுபவரின் பக்கம் நின்று பார்த்தால் இந்த இரண்டு ஓவியங்களும் வெவ்வேறு உலகங்களைச் சேர்ந்தவை: முதலாவது ஹியூமனாய்ட், இரண்டாவது ஆந்த்ரோ. முதல் வகையைத் தேடி வருபவருக்கு இரண்டாம் வகை தேவைப்படாது. இரண்டாம் வகையை வரையக் கற்றுக்கொண்டிருப்பவர் முதல் வகையைப் பார்த்து ஏமாறுவார். ஒரு வகையைத் தம் தடைப்பட்டியலில் சேர்த்து மறைத்து வைத்திருப்பவருக்கு, தவறான குறிச்சொல்லால் அதுவே திரையில் வந்து நிற்கும். சரியான குறிச்சொல் இல்லாத ஓவியம் தொகுப்பில் இருந்தும் இல்லாததற்குச் சமம் என்பதை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். வரைந்தவர் எத்தனையோ இரவுகள் செலவிட்டுத் தீட்டிய படம், அதைக் காண விரும்பியவரைச் சென்றடையாமலே போய்விடுகிறது.

இந்த இரண்டு சொற்களின் வேறுபாட்டை அகராதியில் தேடுவது பயன் தராது. ஆந்த்ரோவின் முழு வடிவமான ஆந்த்ரோபோமார்ஃபிக் என்பது மனிதன், வடிவம் என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. ஹியூமனாய்ட் என்பது மனிதனைக் குறிக்கும் இலத்தீன் வழிச் சொல்லோடு, ஒத்த வடிவுடையது என்று பொருள்படும் கிரேக்க விகுதி சேர்ந்து உருவானது. வேர்ப்பொருளில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. போதாததற்குத் தொல்லியலாளர்கள் ஆந்த்ரோபோமார்ஃபிக் என்ற சொல்லை மனித வடிவில் அமைந்த எந்தப் பொருளுக்கும் பயன்படுத்துகிறார்கள்; திருவண்ணாமலை மாவட்டம் மோட்டூரில் நிற்கும் பெருங்கற்காலப் பலகைக்கல் நூல்களில் அந்தச் சொல்லாலேயே குறிக்கப்படுகிறது, ஆனால் அதில் விலங்கின் சாயல் எதுவும் கிடையாது. எனவே வேர்ப்பொருளை ஒதுக்கிவிட்டு, ஓவியத் தொகுப்புகளில் இச்சொற்கள் எந்தப் பொருளில் வழங்குகின்றன என்பதை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டும்.

அங்கே ஹியூமனாய்ட் என்றால், மனித உடலை அடிப்படையாகக் கொண்டு, அதில் சில உறுப்புகளையோ நிறத்தையோ மட்டும் மாற்றி வரைந்த உருவம். மேலைக் கற்பனைக் கதைகளின் கூர்ங்காது எல்ஃப், பச்சைத் தோல் ஓர்க், கொம்பு முளைத்த அரக்கன், பூனைக் காதுப் பெண் ஆகியோர் இதில் அடங்குவர். ஆந்த்ரோ என்று சுருக்கி வழங்கப்படும் ஆந்த்ரோபோமார்ஃபிக் வகையோ, விலங்கை அடிப்படையாகக் கொண்டு, மனிதனின் நிற்கும் முறையையும் கைகளையும் உடையையும் அதற்கு ஏற்றி வரைந்த உருவம். ஓவியர் எந்த முனையிலிருந்து புறப்பட்டார் என்பதே இரண்டையும் பிரிக்கும் கோடு. மனிதனிலிருந்து புறப்பட்டு விலங்கின் பக்கம் சில அடிகள் நடந்திருந்தால் ஹியூமனாய்ட். விலங்கிலிருந்து புறப்பட்டு மனிதனின் பக்கம் நடந்து வந்திருந்தால் ஆந்த்ரோ. மூன்றாவதாக, விலங்கு விலங்காகவே இருக்கும் உருவத்தை இத்துறையினர் ஃபெரல் என்கிறார்கள். அது பேசினாலும் சிரித்தாலும் கண்ணீர் விட்டாலும் உடல் நான்கு கால் விலங்கின் உடலாக இருக்கும்வரை ஃபெரல்தான்.

ஆந்த்ரோவுக்கும் ஃபெரலுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க, டிஸ்னி நிறுவனத்தின் இரண்டு நாய்களைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. 1930இல் தோன்றிய புளூட்டோவும் 1932இல் தோன்றிய கூஃபியும் இனத்தால் நாய்களே. புளூட்டோ நான்கு கால்களில் ஓடுகிறது, கழுத்தில் பட்டை அணிந்திருக்கிறது, மிக்கியின் வளர்ப்புப் பிராணியாக இருக்கிறது. கூஃபி தொப்பியும் கால்சட்டையும் அணிந்து நிமிர்ந்து நடக்கிறார், மிக்கியின் நண்பராக இருக்கிறார். இனக் குறிச்சொல் இருவருக்கும் நாய் என்பதே. உடல்வகைக் குறிச்சொல் மட்டும் வேறு. இனம் என்ன என்பதும் உடல் எந்த வகை என்பதும் தனித்தனிக் கேள்விகள் என்பதை இந்த இணை தெளிவாகக் காட்டுகிறது. இதைப் புரிந்துகொண்டவருக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

உடல், முகம், தோல்

ஓர் ஓவியம் முன்னால் வந்ததும் அதை மூன்று முறை, இந்த வரிசையில் பார்க்கும்படி பரிந்துரைக்கிறேன். முதலில் உடலின் அமைப்பு, அடுத்து முகம், கடைசியாகத் தோல். வரிசை மாறினால் முடிவும் தடுமாறும். பெரும்பாலானோர் கண்ணில் முதலில் படுவது காதும் வாலும்தான். அவையோ இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே உதவாத உறுப்புகள், ஏனெனில் இரண்டு வகைகளிலும் அவை இருக்கின்றன.

உடலின் அமைப்பு என்று நான் சொல்வது வெறுமனே இரண்டு கால்களில் நிற்பதை அன்று. கரடி எழுந்து நிற்கும், கீரிப்பிள்ளை வகைகள் சில நிமிர்ந்து நின்று காவல் காக்கும், பறவைகள் எல்லாமே இரண்டு கால்களில்தான் நிற்கின்றன. தோள்கள் பக்கவாட்டில் விரிந்திருக்கின்றனவா, இடுப்பு நிமிர்ந்த உடலின் எடையைத் தாங்கும் விதத்தில் வரையப்பட்டிருக்கிறதா, முன்னங்கால் கையாக மாறிப் பொருள்களைப் பிடிக்கிறதா என்பனவற்றையே பார்க்க வேண்டும். பறவைகளுக்குக் கால்களை வைத்து முடிவு செய்ய இயலாது. சிறகின் நுனி இறகுகள் விரல்களாகி ஒரு கோப்பையையோ எழுதுகோலையோ பற்றியிருந்தால் அது ஆந்த்ரோவை நோக்கிய உறுதியான அடையாளம். உடலமைப்பு முற்றிலும் விலங்கினுடையது என்று தெரிந்தால் நாம் பேசும் இரண்டு குறிச்சொற்களும் அங்கே பொருந்தா, அங்கேயே நிறுத்திவிடலாம். ஜப்பானின் கியோத்தோ நகரிலுள்ள கோசான்ஜி கோயிலுக்கு உரிய, 12, 13ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த புகழ்பெற்ற ஓவியச் சுருள்களில் தவளையும் முயலும் மல்யுத்தம் செய்கின்றன. அவற்றில் உடல்கள் தவளையாகவும் முயலாகவுமே இருக்கின்றன. நிற்பதும் பிடிப்பதும் மட்டும் மனிதருடையவை. அத்தகைய படங்களை ஆந்த்ரோ என்றே குறிக்கலாம், ஆனால் ஃபெரலின் எல்லைக்கு மிக அருகில் நிற்பவை அவை.

உடல் மனிதனைப் போல நிமிர்ந்திருக்கிறது என்று உறுதியான பிறகு முகத்துக்கு வர வேண்டும். தீர்ப்புச் சொல்லும் இடம் இதுதான். மூக்கும் வாயும் முன்னுக்குத் துருத்திய மூஞ்சியாக இருக்கின்றனவா, அலகு இருக்கிறதா, அல்லது மனித முகத்தைப் போலத் தட்டையான தளத்தில் தனி மூக்கும் உதடுகளும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மூஞ்சியோ அலகோ இருந்தால் ஆந்த்ரோ. தட்டையான மனித முகம் இருந்தால், மீசை மயிர்களும் கோரைப் பற்களும் செங்குத்தான கண்மணிகளும் சேர்ந்திருந்தாலும் ஹியூமனாய்ட். ஒரு பூனைக்காதுப் பெண்ணுக்கு மூக்கு நுனியில் மட்டும் சிறு கறுப்புப் புள்ளி வைத்திருப்பதைக் கண்டு சிலர் அவளை ஆந்த்ரோ ஆக்கிவிடுகிறார்கள். முகத்தின் எலும்பமைப்பு மாறாதவரை ஒரு புள்ளியால் முகம் விலங்கின் முகமாகிவிடாது.

இங்கே ஓவியப் பாணி ஒரு பெரிய இடையூறு. பெரிய தலையும் பெருங்கண்ணும் குட்டை உடலுமாகச் சுருக்கி வரையும் பாணியில் மனிதருக்கே மூக்கு இருக்காது. விலங்கின் மூஞ்சியும் ஒரு வளைகோடாகக் குறுகிவிடும். முன்புறத்திலிருந்து பார்க்கும் தட்டை முகத்தில் மூஞ்சி துருத்தியிருக்கிறதா என்று கண்டறிவது கடினம். அப்போது படத்தைப் பெரிதாக்கி, வாயின் கோடு மூக்கின் அடியிலிருந்து நேராக இறங்கி இரண்டாகப் பிரிகிறதா, மூக்கைச் சுற்றி வேறு நிறத்தில் ஒரு வட்டம் தீட்டப்பட்டிருக்கிறதா, கன்னத்தில் மயிர்க்குஞ்சம் இருக்கிறதா என்று பார்த்தால் ஓவியரின் எண்ணம் பெரும்பாலும் புலப்படும். அதே ஓவியர் அதே பாத்திரத்தைப் பக்கவாட்டில் வரைந்த படம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் அதைத் துணைச்சான்றாக மட்டுமே கொள்ள வேண்டும்.

மூன்றாவது பார்வை தோலுக்கு. உடல் முழுவதும் மயிரோ செதிலோ இறகோ மூடியிருப்பது ஆந்த்ரோவின் வழக்கமான அடையாளம். வெறும் தோல் ஹியூமனாய்டின் அடையாளம். இதில் விதிவிலக்குகள் அதிகம் என்பதால்தான் இதைக் கடைசியில் வைத்தேன். 2009ஆம் ஆண்டு அவதார் திரைப்படத்தின் நாவி மக்களுக்கு நீலத் தோலும் வாலும் அசையும் காதுகளும் பூனையை நினைவூட்டும் அகன்ற மூக்கும் உண்டு. ஆனாலும் தோல் மயிரற்றது, முகம் தட்டையானது, உடல் விகிதம் மனிதனுடையதை நீட்டியது. அவர்களை ஹியூமனாய்ட் என்றே குறிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாறாக, மிக்கி மவுஸின் முகத்தில் மயிர் எதுவும் தீட்டப்படுவதில்லை. ஆனால் துருத்திய மூஞ்சியும் வட்டக் காதும் எலியிலிருந்து வந்தவை. தோல் வழவழப்பாக இருப்பதாலேயே அவரை ஹியூமனாய்ட் ஆக்கிவிடக் கூடாது.

மூன்று பார்வைகளுக்குப் பிறகும் ஐயம் இருந்தால் கழித்துப் பாருங்கள். காது, வால், கொம்பு, சிறகு, நகம் ஆகியவற்றை மனத்தால் ஒவ்வொன்றாக அகற்றிவிட்டு, எஞ்சி நிற்பது யார் என்று கேளுங்கள். மனிதர் எஞ்சினால் ஹியூமனாய்ட். அதேபோல் மறுபக்கத்திலிருந்து உடையையும் நிற்கும் நிலையையும் கையின் விரல்களையும் அகற்றிப் பார்த்து, ஒரு நரியோ முதலையோ எஞ்சினால் ஆந்த்ரோ. இரண்டு கழித்தல்களும் ஒரே முடிவைத் தரும் படங்களே மிகுதி. இரண்டும் முரண்படும்போதுதான் அடுத்துச் சொல்லப்போகும் எல்லைக்கோட்டு உருவங்கள் நம் கவனத்துக்கு வருகின்றன.

எல்லைக்கோட்டில் நிற்பவை

விலங்கின் கால்கள் மட்டும் உள்ளவர்களே என்னை முதன்முதலில் தவறச் செய்தவர்கள். ஆட்டுக் கால்களும் குளம்புகளும் கொண்ட கிரேக்கப் புராணத்து சாட்டிர் ஒருவரின் ஓவியத்துக்கு, இடுப்புக்குக் கீழே அடர்ந்த மயிரைக் கண்டு நான் ஆந்த்ரோ என்று குறித்திருந்தேன்; மறுநாள் வேறொருவர் அதை ஹியூமனாய்ட் என்று திருத்தியிருந்தார். முகம் முழுவதும் மனித முகம் என்பதை அவர் காரணமாக எழுதியிருந்தார். அவர் சொன்னது சரி. இவ்வகைக் கால்களைப் பற்றி ஒரு செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பின்னோக்கி மடங்கிய முழங்கால் என்று பலர் எண்ணுவது உண்மையில் மேலே தூக்கப்பட்ட குதிகால். நாயும் பூனையும் விரல்களில் ஊன்றி நடப்பதால் குதிகால் தரையைத் தொடாமல் உயரத்தில் நிற்கிறது. முழங்கால் அதற்கும் மேலே, மனிதருக்கு இருப்பதைப் போலவே முன்னோக்கித்தான் மடங்குகிறது. இத்தகைய கால்களுக்குப் பல தொகுப்புகளில் தனிக் குறிச்சொல் உண்டு; அதைச் சேர்ப்பது பயனுள்ளது, ஆனால் உடல்வகையை அது தீர்மானிப்பதில்லை.

நம் கோயில் மரபில் இதற்கு நேரான உருவம் ஒன்று இருக்கிறது. சிதம்பரம் நடராசரின் இருபுறமும் காட்டப்படும் முனிவர்களில் வியாக்கிரபாதருக்குப் புலிக் கால்கள். பதஞ்சலிக்கு இடுப்புக்குக் கீழே பாம்பின் உடல். இருவருக்கும் முகமும் மார்பும் கைகளும் மனிதருடையவை. முனிவராகிய மனிதரிடமிருந்து புறப்பட்ட உருவங்கள் அவை என்பதில் ஐயமே இல்லை. இருவரும் ஹியூமனாய்ட் வகை; பதஞ்சலிக்குக் கூடுதலாகப் பாம்புடல் என்ற குறிப்பு வேண்டும். கடற்கன்னியும், கைகளுக்குப் பதிலாகச் சிறகு கொண்ட ஹார்ப்பியும் இதே வழியில் தீர்க்கப்படுபவர்கள். இடுப்புக்குக் கீழே நான்கு கால் குதிரையின் முழு உடலையும் கொண்ட சென்டாருக்கு மட்டும் பல தொகுப்புகள் டார் என்ற தனி வகையையே வைத்திருக்கின்றன. அப்படிப்பட்ட தளத்தில் ஹியூமனாய்ட் என்று இடாமல் அந்த வகையையே இட வேண்டும்.

தலை மட்டும் விலங்காக இருப்பவை இதற்கு நேர்மாறானவை. காளைத்தலையும் மனித உடலும் கொண்ட மினோட்டார், குள்ளநரித் தலையுடைய எகிப்தின் அனுபிஸ், நம்முடைய நரசிம்மர், மாமல்லபுரத்துக் குடைவரையில் பூமாதேவியைத் தாங்கி நிற்கும் வராகர் ஆகியோர் இவ்வரிசையில் வருவர். கழித்தல் முறை இங்கே முரண்படும்: தலையை அகற்றினால் முழு மனித உடல் எஞ்சுகிறது. இருந்தாலும் முகமே தீர்ப்புச் சொல்லும் என்ற விதிப்படி உடல்வகை ஆந்த்ரோ என்றே அமையும். விலங்குத்தலை என்ற குறிச்சொல் அந்தத் தளத்தில் இருந்தால் அதையும் சேர்த்தால், உடல் முழுவதும் மயிர் மூடிய உருவங்களிலிருந்து இவற்றைப் பிரித்துத் தேட முடியும். மனித இனம் செதுக்கிய மிகப் பழைய உருவங்களில் ஒன்றே இந்த வகைதான் என்பதை நினைக்கும்போது எனக்கு வியப்பு குறைவதில்லை. ஜெர்மனியின் ஹோலன்ஸ்டைன்-ஸ்டாடெல் குகையில் 1939இல் கிடைத்த, மாமத யானைத் தந்தத்தில் செதுக்கிய, சுமார் 31 செ.மீ. உயரமுள்ள சிங்க மனிதன் சிலை ஏறத்தாழ 40,000 ஆண்டுகள் பழமையானது. நிமிர்ந்து நிற்கும் உடலில் சிங்கத்தின் தலை. இன்று அதைப் பார்த்து வரைந்து பதிவேற்றுபவர் இடவேண்டிய குறிச்சொல் ஆந்த்ரோ.

தெய்வ உருவங்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உடல்வகைக் குறிச்சொல் வடிவத்தை விவரிப்பது; அதை இடுவதில் அவமதிப்பு எதுவும் இல்லை. ஆனால் ஃபர்ரி போன்ற, மனிதச் சாயல் கொண்ட விலங்குருவங்களை விரும்பும் ஒரு ரசிகர் குழுவின் பண்பாட்டைச் சுட்டும் சொற்களை விநாயகருக்கோ நரசிம்மருக்கோ சேர்ப்பது தேடுபவர் இரு தரப்பினருக்கும் உதவாது. வழிபடுவோர் மனம் புண்படவும் கூடும். தெய்வத்தின் பெயரை முதற்குறிச்சொல்லாக இட்டு, தளத்தின் விதி கட்டாயமாகக் கேட்டால் மட்டும் உடல்வகையைச் சேர்ப்பது என் வழக்கம்.

ஒரே பெயருடைய உருவம் படத்துக்குப் படம் வகை மாறும் என்பதற்கு நந்தியே சான்று. கருவறையை நோக்கிப் படுத்திருக்கும் நந்தி முழுக் காளை, அது ஃபெரல். காளை முகத்தோடும் மனித உடலோடும் கைகூப்பியிருக்கும் அதிகார நந்தி வாகனத்தை வரைந்தால் அது ஆந்த்ரோ. அதே அதிகார நந்தி மான் மழு ஏந்திய நான்கு கரங்களோடு மனித முகத்தில் காட்டப்படும் வடிவமும் உண்டு. அதற்கு ஹியூமனாய்ட் பொருந்தும். பாத்திரத்தின் பெயரைக் கண்டவுடன் முந்தைய படத்தின் குறிச்சொற்களை அப்படியே ஒட்டிவிடும் பழக்கம் எவ்வளவு தவறானது என்பது இதிலிருந்து விளங்கும். அனுமனுக்கும் இதுவே பொருந்தும்: பழைய தூண் சிற்பங்களில் குரங்கு முகம் தெளிவாகத் துருத்தியிருக்கும், நாட்காட்டிப் படங்கள் சிலவற்றில் வாய்ப்பகுதி சற்றே உப்பிய மனித முகமே இருக்கும். குரங்குகளும் மனிதக் குரங்குகளும் இயல்பிலேயே நம்மை ஒத்திருப்பதால் இந்தக் குழுவில் எந்த விதியும் முழுமையாக உதவாது. வாய்ப்பகுதியின் துருத்தலையும் முகத்திலுள்ள மயிரையும் வைத்துப் படத்துக்குப் படம் முடிவு செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

புருஷாமிருகம் நம் கோயில்களில் அடிக்கடி காணப்பட்டும் அதிகம் பேசப்படாத உருவம். சிங்க உடலில் மனித முகம். எகிப்தின் ஸ்பிங்க்ஸுக்கு உறவு போன்றது. முகத்தை முதலில் பார்த்தால் ஹியூமனாய்ட் என்று குறிக்கத் தோன்றும். உடலை முதலில் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்தியதற்குக் காரணம் இதுவே. நான்கு கால்களில் நிற்கும் விலங்குடல் என்று முதற்பார்வையிலேயே தெரிந்துவிடுவதால் இந்தக் கேள்விக்குள் அது வருவதே இல்லை. ஃபெரல் என்று இட்டு, மனிதமுகம் என்பதையும் சேர்க்க வேண்டும். எழுந்து நின்று கைகூப்பும் வடிவில் செதுக்கிய புருஷாமிருகமும் சில கோயில்களில் உண்டு. அதை வரைந்தவர் படத்தில் முகம் மனித முகம், உடல் நிமிர்ந்தது என்பதால் ஹியூமனாய்ட் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது, என்றாலும் இதில் மாறுபடுவோர் இருக்கலாம்.

தோற்றத்தால் ஏமாற்றுபவை

வேடத்தை உடலாக எண்ணிவிடக் கூடாது. தலைப்பட்டையில் ஒட்டிய பூனைக் காதுகளை அணிந்த பெண் மனிதப்பெண்தான். அவள் ஹியூமனாய்டும் அல்லள். போலிக் காது என்பதற்கு டான்பூரு போன்ற தொகுப்புகளில் தனிக் குறிச்சொல்லே இருக்கிறது. காதின் அடியில் பட்டை தெரிகிறதா, வாலின் அடியில் இடைவார் தெரிகிறதா, முதுகில் பற்பிணை (ஜிப்) தெரிகிறதா என்று பார்த்தால் போதும். புலிக்கோடுகளை உடலெங்கும் தீட்டிக்கொண்டு ஆடும் புலியாட்டக் கலைஞரின் ஓவியத்தை ஆந்த்ரோ என்று யாரேனும் குறித்தால் அதைத் தயங்காமல் திருத்துங்கள். அவர் வண்ணம் பூசிய மனிதர். உண்மைக் காது உள்ள பாத்திரத்துக்குப் பக்கவாட்டில் மனிதக் காதும் இருக்கிறதா என்ற கேள்வியில் நேரம் செலவிட வேண்டியதில்லை. பல ஓவியர்கள் அந்த இடத்தைத் தலைமயிரால் மறைத்துவிடுகிறார்கள். தெரிந்தாலும் முடிவு மாறாது.

அடுத்தது ஜப்பானியச் சொல்லான கிஜின்கா. பொருள்களையும் நாடுகளையும் விலங்குகளையும் மனிதராக உருவகித்து வரைவதை அச்சொல் குறிக்கிறது. மொழிபெயர்ப்புக் கருவிகள் அதை ஆந்த்ரோபோமார்ஃபிஸம் என்று தருவதால், படத்தில் விலங்கே இல்லாதபோதும் ஆந்த்ரோ என்ற குறிச்சொல் வந்து விழுகிறது. 2013இல் வெளியான கான்டாய் கலெக்‌ஷன் விளையாட்டில் போர்க்கப்பல்கள் இளம்பெண்களாகக் காட்டப்படுகின்றன. கப்பலின் உறுப்புகளைக் கருவிகளாகச் சுமந்திருந்தாலும் அவர்கள் தோற்றத்தால் மனிதரே. இட வேண்டியது உருவகம் என்ற பொருளுடைய குறிச்சொல். 1905இல் அபனீந்திரநாத் தாகூர் தீட்டிய பாரத மாதாவும், தமிழ்த்தாய் படங்களும் இதே இனம். நாட்டையும் மொழியையும் பெண்ணாக உருவகித்தவை, அவ்வளவே.

இயந்திரங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். மனித உடல் விகிதத்தில் அமைந்த ரோபோ ஹியூமனாய்ட். நாய்த்தலையும் வாலும் கொண்டு நிமிர்ந்து நிற்கும் ரோபோ ஆந்த்ரோ. கண்ணும் வாயும் வரைந்த காரும் தேநீர்க் குவளையும் பொதுப்பேச்சில் ஆந்த்ரோபோமார்ஃபிக் என்று அழைக்கப்பட்டாலும், உயிர்பெற்ற பொருள் என்ற பொருளுடைய குறிச்சொல் இருக்கும் தளங்களில் அதையே இடுவது நல்லது. விலங்குருவங்களைத் தேடுபவருக்குக் குவளைகள் வந்து குவிவதால் பயனில்லை.

கதையும் நம்மை ஏமாற்றும். ஓநாய் மனிதன் ஒருவனின் கதையை முழுவதும் அறிந்தவர், அவன் மனித உருவில் தேநீர் அருந்தும் படத்துக்கும் ஆந்த்ரோ என்று இட்டுவிடுவார். படத்தில் தெரிவது மனிதன் என்றால் மனிதன் என்றே குறிக்க வேண்டும். பார்ப்பதைக் குறி, அறிந்ததைக் குறிக்காதே என்ற இந்த நெறியைச் சமூகமாகப் பேணப்படும் பெரிய தொகுப்புகள் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கின்றன. உருமாற்றத்தைக் கட்டம் கட்டமாகக் காட்டும் ஒரே பக்கத்தில் மனிதனும் ஆந்த்ரோவும் இரண்டுமே தெரிந்தால் இரண்டையும் இடலாம்.

குறிச்சொல்லைப் பதியும்போது

எந்தத் தளத்தில் பதிவேற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்துச் சொற்கள் மாறும். 2000இல் தொடங்கிய டீவியன்ட்ஆர்ட்டில் ஆந்த்ரோ என்ற சொல் நெடுங்காலமாக வழக்கில் இருக்கிறது. 2005 முதல் இயங்கும் டான்பூருவில் விலங்குருவங்களுக்கு ஃபர்ரி என்பதும், காது மட்டும் கொண்டவர்களுக்கு விலங்குக்காது என்பதும் வழங்குகின்றன. 2007இல் தொடங்கிய பிக்ஸிவ் தளத்தில் ஜப்பானிய ஓவியர்கள் விலங்குருவத்தைக் கெமோனோ என்றும், காதும் வாலும் மட்டும் உள்ள மனித உருவத்தைக் கெமோனோமிமி என்றும் பிரிக்கிறார்கள்; மிமி என்றால் காது. விலங்குத்தன்மை எந்த அளவு என்பதையே படிநிலைகளாகப் பேசும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. ஆகவே முதன்முதலாக ஒரு தளத்தில் குறிச்சொல் இடுவதற்கு முன், அந்தச் சொல்லுக்கான விளக்கப் பக்கத்தைத் திறந்து படித்துவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. அங்கே எழுதியிருப்பது இந்தக் கட்டுரைக்கு மாறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஒரு தொகுப்பில் எல்லோரும் ஒரே அளவுகோலை வைத்திருப்பது, அளவுகோல் எது என்பதைவிட முக்கியம்.

பொதுச்சொல்லைவிடக் குறிப்பான சொல்லை முதலில் தட்டச்சிடுவது நல்ல பழக்கம். பூனைக்காது என்று இட்டால் விலங்குக்காது என்பதைத் தானே சேர்த்துக்கொள்ளும் வசதி சில தளங்களில் உண்டு. பொதுச்சொல்லிலிருந்து குறிப்பான சொல்லை எந்தக் கருவியும் தானாகக் கண்டறியாது. உடல்வகை, இனம், குறிப்பான உறுப்புகள் என்ற மூன்றும் பதிந்த பிறகே உடை, பின்னணி, நிறம் ஆகியவற்றுக்குச் செல்லுங்கள். பல பாத்திரங்கள் உள்ள படத்தில் ஒவ்வொருவரையும் தனித்தனியே முடிவு செய்து, கிடைத்த வகைகள் அனைத்தையும் இட வேண்டும். நரி ஆந்த்ரோவும் எல்ஃப் பெண்ணும் ஒன்றாக நிற்கும் படத்துக்கு ஆந்த்ரோ, ஹியூமனாய்ட் இரண்டும் உரியவை. ஒரே ஒருவர் நிற்கும் படத்தில் இரண்டையும் சேர்த்து இடுவதோ முடிவெடுக்காமல் நழுவுவதற்கு ஒப்பாகும். அப்படிச் செய்தால் இரண்டு தேடல்களிலும் அந்தப் படம் தவறாக வந்து நிற்கும்.

ஓவியர் தம் சொந்தப் பக்கத்தில் இட்டிருக்கும் குறிச்சொல் உங்கள் முடிவோடு மாறுபட்டால், அது அவருடைய இடம் என்பதை மதித்து விட்டுவிட வேண்டும். கேட்டாக வேண்டும் என்று தோன்றினால் பணிவாக ஒரு செய்தி அனுப்பலாம். பலர் சேர்ந்து பேணும் பொதுத்தொகுப்பில் நிலைமை வேறு. அங்கே ஓவியர் வைத்த தலைப்பு ஓநாய்ப்பெண் என்றிருந்தாலும், முகமும் உடலும் காட்டுவதே முடிவு. நீங்கள் இட்டதை வேறொருவர் மாற்றினால் உடனே பழையபடி மாற்றிவிடாதீர்கள். திருத்த வரலாற்றைப் பாருங்கள். அவர் கண்ட ஏதோ ஒன்று உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம். உடன்பாடு இல்லையென்றால், முகம் தட்டையானது, அல்லது மூஞ்சி துருத்தியது, கைகளில் மயிர் மூடியிருக்கிறது என்று படத்தில் சுட்டிக்காட்டக்கூடிய காரணத்தை ஒரு வரியில் எழுதிவிட்டு மூன்றாம் ஒருவரின் பார்வைக்கு விடுங்கள்.

முதுகைக் காட்டி நிற்கும் உருவம், நிழலுருவம், தொலைவில் சிறிதாகத் தெரியும் உருவம் ஆகியவற்றில் முகமே கிடைக்காது. அப்போது கழுத்தும் கைகளும் உதவும். கழுத்தின் பின்புறத்திலும் விரல்களிலும் மயிர் மூடியிருந்தால் ஆந்த்ரோ என்றும், வெறும் தோல் தெரிந்தால் ஹியூமனாய்ட் என்றும் கொள்ளலாம். நிழலுருவத்தில் பக்கவாட்டுக் கோடு மூஞ்சியைக் காட்டினால் அதுவே போதும். எதுவும் தெரியாத படத்தில் உடல்வகை இடத்தை வெறுமையாக விட்டு, தெரிகின்ற காதையும் வாலையும் மட்டும் குறித்துவிட்டு, பின்னர் வருபவர் பார்த்து முடிவு செய்யும்படி குறிப்பொன்றை எழுதி வையுங்கள்.